அப்பாவின் கலா

சின்ன வயதில் கலா என்பது ஒரு பெண்ணின் பெயர் என்றுதான் நினைத்திருந்தேன். விடியற்காலையில் அம்மா பக்கத்து வீட்டு அக்காவிடம் "அவரு அப்பவே கலாவத் தூக்கிட்டுப் போயிட்டாரு" என்பார். மாலையில் அப்பாவின் மோட்டார் சத்தம் கேட்டதும் "கலாவ எங்க வச்சீங்க? வெளிய வைக்காதீங்க, எவனாச்சும் தூக்கிட்டுப் போயிடுவான்" என்று கத்துவார். அம்மா இதையெல்லாம் எப்படி இவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறார் என்று எனக்குக் குழப்பமாக இருக்கும்.

கலா என்பது மலாய்ச் சொல். நீளமான கம்பு. செம்பனைக் காட்டில் பழம் வெட்டுகிறவர்களுக்கு அதுதான் கை. நுனியில் அரிவாள் மாட்டிய அலுமினியக் கம்பு அது. இளம் மரங்களுக்கு உளி போதும். மரம் வளர வளரக் கம்பும் வளரும். இருபது வருடத்து மரங்கள் பத்து மீட்டரைத் தாண்டி நிற்கும். அந்த உயரத்தில் மட்டைகளுக்கு நடுவே இருக்கிற குலையைத் தரையில் நின்று வெட்ட வேண்டும். அரிவாளைக் காம்புக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்து, ஒரே இழுப்பு. இழுத்த உடனே ஒதுங்க வேண்டும். இருபது கிலோ முள்ளுக் குலை எங்கே விழும் என்று மரத்துக்குத்தான் தெரியும்.

அப்பா முப்பது வருடத்துக்கு மேல் பழம் வெட்டினார். லாபு பக்கத்தில் இருந்த தோட்டம் வீடமைப்புக்குப் போனதும் நாங்கள் பாரோய்க்கு வந்தோம். அப்போது எனக்கு எட்டு வயது. லயத்திலிருந்து தாமானுக்கு வந்தாலும் அப்பாவின் வேலை மாறவில்லை. கோலப்பிலா சாலையில் மோட்டாரை விட்டுக்கொண்டு போய், சின்னச் சின்னத் தோட்டங்களில் குத்தகைக்கு வெட்டுவார். டன் கணக்குக் கூலி. கம்பு, அரிவாள், மோட்டார் எல்லாம் சொந்தக் காசு. கம்பை மோட்டாரின் பக்கவாட்டில் கட்டிக்கொண்டு, அரிவாளுக்குப் பழைய டயர் ரப்பரைச் சுற்றிக்கொண்டு அவர் போவதைப் பார்த்தால் சண்டைக்குப் போகிற ஆள் மாதிரி இருக்கும்.

எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் நின்றால் துவாங்கு அப்துல் ரஹ்மான் விளையாட்டரங்கின் விளக்குகள் தெரியும். பாரோயை வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும் என்றால் அந்த அரங்கத்தால்தான். 2004-இல் சுக்மா போட்டிகளை நெகிரி செம்பிலான் நடத்தியது. 2009-இலும் 2011-இலும் நெகிரி மலேசியக் கிண்ணத்தை வென்றது. பந்து ஆட்டம் நடக்கும் இரவுகளில் எங்கள் தாமானுக்குள்ளேயே காடிகளை நிறுத்திவிட்டுப் போவார்கள். அப்பா வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, அரங்கத்தில் எழும் சத்தத்தை வைத்தே கோல் யாருக்கு என்று சொல்லிவிடுவார். உள்ளே போய்ப் பார்த்தது மிகக் குறைவு. மறுநாள் வேலை.

எனக்குப் பதினான்கு வயதாக இருந்தபோது, மாநிலப் பள்ளிகளின் ஓட்டப் பந்தயத்துக்கு என்னை 4x400-இன் மாற்று ஓட்டக்காரனாகக் கூட்டிப் போனார்கள். அதாவது, மற்றவர்களின் பையைப் பார்த்துக்கொள்ள. திடலின் ஒரு மூலையில் மெத்தைகளை அடுக்கி, இரண்டு கம்பங்களுக்கு நடுவே ஒரு குச்சியை வைத்திருந்தார்கள். ஒலிபெருக்கியில் "லொம்பாட் பெர்கலா" என்றார்கள். கலாவோடு தாண்டுவது. தமிழில் கோலூன்றித் தாண்டுதல் என்று பாடப்புத்தகத்தில் படித்திருந்தாலும், அந்த மலாய்ச் சொல்தான் என்னைத் திரும்பிப் பார்க்க வைத்தது. என்னது, கலாவோடா?

மூன்று மீட்டருக்குக் கொஞ்சம் மேலேதான் குச்சி இருந்திருக்கும். இன்றைக்கு அது பெரிய உயரம் இல்லை என்று தெரியும். அன்றைக்கு, என் வயதுப் பையன் ஒருவன் கம்பைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து, ஒரு குழியில் குத்தி, கம்பு வில் மாதிரி வளைந்து நிமிர, காலை வானத்துக்குக் காட்டிக்கொண்டு மேலே போனதைப் பார்த்தேன். பைகளை மறந்துவிட்டேன். ஒரு பை காணாமல் போய், அதற்காக வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

மறுநாள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியரிடம் போய்க் கேட்டேன். "நம்ம பள்ளியில கம்பும் இல்ல, மெத்தையும் இல்ல. நீ உயரம் தாண்டு" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கண்ணாடியிழைக் கம்பு விலை அதிகம். ஒரு கம்பு இருந்தாலும் போதாது. தாண்டுகிறவனின் எடைக்கும் வேகத்துக்கும் தகுந்த மாதிரி வேறு வேறு விறைப்பில் கம்புகள் வேண்டும். விதிப்படி கம்பு எந்தப் பொருளாலும் இருக்கலாம், எவ்வளவு நீளமும் இருக்கலாம். அந்த விதி எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் செய்த காரியத்துக்கு அதையே சாக்காகச் சொல்லியிருப்பேன்.

எங்கள் வீட்டில் கம்பு இருந்தது.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். கூரையோரத்தில் கம்பி போட்டுத் தொங்கவிட்டிருந்த கலாவை இறக்கினேன். அது இரண்டு குழாய்கள், ஒன்றுக்குள் ஒன்று போகும். உள்குழாயை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு, கூட்டாளி ஒருவனோடு தாமானுக்குப் பின்னால் இருந்த திடலுக்குப் போனேன். திடல் முடிகிற இடத்தில் பெரிய லொங்காங். அதன் கரையில் மண் அரித்து ஒரு குழி இருந்தது. அதில் கம்பைக் குத்தி, லொங்காங்கைத் தாண்டி அந்தப் பக்கம் விழுவதாகத் திட்டம். ஓடினேன். குத்தினேன். பாதி உயரத்தில் 'டக்' என்று ஒரு சத்தம். கம்பு வளையவில்லை, மடிந்தது. நான் அடுத்த கரைக்கும் போகவில்லை, இந்தக் கரையிலும் இல்லை. தாடையில் நான்கு தையல்.

அப்பா முதலில் என் தாடையைப் பார்த்தார். பிறகு கம்பைப் பார்த்தார். எதுவும் சொல்லாமல் மோட்டாரை எடுத்து என்னைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனார். திரும்பி வந்து, இருட்டும் வரை பின்கட்டில் உட்கார்ந்து, கல்லின் மேல் கம்பை வைத்துச் சுத்தியலால் மெதுவாகத் தட்டினார். அந்தச் சத்தம் இன்னும் எனக்குக் கேட்கும். ரோத்தான் அடி வாங்கியிருந்தால் மறந்திருப்பேன்.

அது நிமிராது என்பதை நான் ஏழு வருடம் கழித்து, உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படித்தபோது புரிந்துகொண்டேன். மெல்லிய சுவருள்ள குழாயை வளைத்தால், ஓர் எல்லை வரைக்கும் அது வட்டமாகவே இருந்து தாங்கும். அதற்கு மேல் ஓரிடத்தில் சுவர் உள்ளே அமுங்கும். அமுங்கிய இடத்தில் பலம் போய்விடும், அங்கேயே முழுசாக மடங்கிவிடும். உறிஞ்சுகுழலை வளைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு முறை மடிந்த உறிஞ்சுகுழல் நிமிர்த்தினாலும் அந்த இடத்திலேயே மறுபடி மடியும். விரிவுரையாளர் இதைப் பலகையில் சமன்பாடாக எழுதிக்கொண்டிருந்தார். நான் தாடையைத் தடவிக்கொண்டிருந்தேன்.

தாண்டுகிறவனின் கம்பும் வெட்டுகிறவனின் கம்பும் எதிரெதிர். பழம் வெட்டுகிறவருக்கு வளையாத கம்பு வேண்டும். வளைந்தால் இழுக்கிற பலமெல்லாம் கம்பிலேயே போய்விடும், அரிவாளுக்கு எட்டாது. தாண்டுகிறவனுக்கு வளைகிற கம்பு வேண்டும். அவன் ஓடி வந்த வேகத்தைக் கம்பு வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு நொடிக்குள் திருப்பிக் கொடுக்கும். கணக்கு எளிது. நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ஓடுகிற ஒருவரின் இயக்க ஆற்றல் முழுவதும் உயரமாக மாறினால் சுமார் 5.1 மீட்டர் வரும். உடலின் ஈர்ப்பு மையம் ஏற்கெனவே தரையிலிருந்து ஒரு மீட்டர் மேலே இருக்கிறது. கூட்டினால் 6.1. அதற்கு மேலே போகிற ஒவ்வொரு சென்டிமீட்டரும், தலைகீழாகத் தொங்கிக்கொண்டே அவர் கம்பைத் தன் தசையால் இழுத்துத் தள்ளிச் சேர்ப்பது. கண்ணாடியிழைக் கம்புகள் 1960-களில் பரவிய பிறகுதான் இதெல்லாம் சாத்தியமானது. அதற்கு முன்னால் மூங்கில். அமெரிக்கரான வார்மர்டாம் 1942-இல் மூங்கில் கம்போடு 4.77 மீட்டர் தாண்டியிருக்கிறார்.

அப்பாவும் மூங்கிலில்தான் ஆரம்பித்தவர். எண்பதுகளில், ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட தோட்டத்தில், பதினாறு வயதில். "மூங்கி வளையும், ஆனா திரும்பி வந்துரும். அலுமினியம் அப்படியில்ல" என்று ஒரு முறை சொன்னார். நான் ஒரு பருவம் முழுக்கப் படித்தது அது.

மலேசியத் தமிழில் தோட்டக் கதைகள் எத்தனையோ படித்திருக்கிறேன். பெரும்பாலும் ரப்பர்தான். பால்வாளி, பிரட்டு, கங்காணி. செம்பனைக்கு அந்த இடம் இன்னும் கிடைக்கவில்லை என்பது என் குறை. என் தலைமுறைக்கு ரப்பர் வாசனை பாட்டி சொன்ன ஞாபகம்தான். எங்களுக்குத் தோட்டம் என்றால் முள், மட்டை, உதிரிப் பழம், அப்பாவின் கழுத்துக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் தூசி.

அன்றைக்கு மடிந்த கம்புக்குப் பதில் புதுக்கம்பு வாங்க இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரமும் அப்பா இருந்த குட்டைக் கம்பை வைத்து உயர மரங்களை வெட்டினார். எட்டாத உயரத்துக்குக் கையை முழுசாகத் தலைக்கு மேல் தூக்கி, குதிகாலை உயர்த்தி இழுத்திருப்பார். நான் பார்க்கவில்லை. ஆனால் பார்த்த மாதிரியே இருக்கிறது. ஐம்பத்திரண்டு வயதில் அவருக்கு வலது தோள் போய்விட்டது. தசைநார் கிழிந்திருக்கிறது, வருடக்கணக்கில் தலைக்கு மேலே கை தூக்கி வேலை செய்தவர்களுக்கு வருவது என்றார் மருத்துவர். வருடக்கணக்கில் என்றுதான் சொன்னார். இரண்டு வாரம் என்று சொல்லவில்லை. ஆனால் எனக்குள் ஒரு கணக்கு ஓடும், எந்தச் சமன்பாட்டிலும் அடங்காத கணக்கு. அதை அவரிடம் கேட்டதே இல்லை.

படிக்கிற காலத்தில், கோலூன்றித் தாண்டுவதில் தமிழர்கள் யாராவது இருக்கிறார்களா என்று அடிக்கடி தேடுவேன். அப்படித்தான் சிவா சுப்பிரமணியைத் தெரியவந்தது. தமிழ்நாட்டுக்காரர். 2018-இல் 5.30 மீட்டர் தாண்டி இந்திய சாதனை வைத்திருந்தார். 2022 அக்டோபரில் குஜராத்தின் காந்திநகரில் நடந்த தேசிய விளையாட்டுப் போட்டியில் அதை அவரே முறியடித்தார், 5.31. அதே போட்டியில் பெண்கள் பிரிவில் தமிழ்நாட்டின் ரோசி மீனா பால்ராஜ் 4.20 தாண்டித் தேசிய சாதனை படைத்தார். அப்போது நான் செனவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். இரவு சாப்பிடும்போது உற்சாகமாக அப்பாவிடம் சொன்னேன்.

"அஞ்சு மீட்டரா?" என்றார். "அது சின்ன மரமாச்சேடா."

"நாலு வருசத்துல ஒரு சென்டிமீட்டர்ப்பா."

அதற்கு மட்டும் தலையாட்டினார். நான்கு வருடம், ஒரு சென்டிமீட்டர். 2025 பிப்ரவரியில் மத்தியப் பிரதேசத்தின் தேவ் குமார் மீனா 5.32 தாண்டி அந்தச் சாதனையை எடுத்துக்கொண்டார். அதுவும் ஒரே சென்டிமீட்டர். இந்த விளையாட்டே அப்படித்தான். செர்கேய் பூப்கா 1983-இல், முதல் உலகத் தடகளப் போட்டியில், பத்தொன்பது வயதில் தங்கம் வாங்கினார். தொடர்ந்து ஆறு உலகப் பட்டம். உள்ளரங்கையும் வெளியரங்கையும் சேர்த்து உலக சாதனையை 35 தடவை முறியடித்தார், பெரும்பாலும் சென்டிமீட்டர் சென்டிமீட்டராக. ஒவ்வொரு சாதனைக்கும் பணம் உண்டு என்பதால் சேமித்துச் சேமித்துத் தாண்டினார் என்று கேலி செய்தவர்கள் உண்டு. டன் கணக்கில் கூலி வாங்குகிற வீட்டில் வளர்ந்த எனக்கு அதில் கேலி செய்ய ஒன்றும் தெரியவில்லை.

2025 செப்டம்பர் 15, மலேசிய தினத்துக்கு முந்தைய நாள். டோக்கியோவில் உலகத் தடகளப் போட்டி, ஆண்களுக்கான கோலூன்றித் தாண்டுதலின் இறுதிச் சுற்று. நான் வீட்டில் இருந்தேன். தொலைக்காட்சியில் போட்டேன். அப்பா தோளுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் இந்தப் போட்டியை முழுசாகப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. இத்தனை வருடம் அதைப் பற்றிப் பேசியிருந்தும், உட்கார வைத்துக் காட்ட எனக்குத் தோன்றவில்லையா, தைரியமில்லையா என்று தெரியவில்லை.

கொஞ்ச நேரம் சும்மா பார்த்தார். பிறகு, "நுனிய மேல வச்சிக்கிட்டு ஓடுறான் பாத்தியா" என்றார்.

"எல்லாரும் அப்படித்தாம்ப்பா."

"நட்டுக்குத்தா வச்சா பாரம் தெரியாது. படுக்கப் போட்டாதான் கை ஒடியும். ஓட ஓட எறக்குறான் பாரு, கடேசிலதான் படுக்க வைக்கிறான்."

எனக்குச் சுரீர் என்றது. திருப்புவிசை என்று நாங்கள் படித்தது. நுனி முன்னால் நீள நீள அதன் கனம் கையில் பல மடங்காக ஏறும். ஆகவேதான் கம்பைச் செங்குத்தாகப் பிடித்து ஓடத் தொடங்கி, வேகம் கூடக்கூட இறக்கி, குழிக்குப் பக்கத்தில் வரும்போது கிடையாக்குகிறார்கள். இறக்குகிற கணமும் காலடிகளும் ஒத்துப்போகாவிட்டால் எல்லாம் கெடும். எத்தனையோ காணொளி பார்த்த எனக்கு, நெகிழ்ந்து நிமிர்கிற கம்பும், குச்சிக்கு மேலே வளைகிற உடம்பும்தான் கண்ணில் பட்டிருந்தன. அப்பா அதையெல்லாம் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. ஒவ்வொருவர் வரும்போதும் தூக்குவதைத்தான் பார்த்தார். "இவன் கை அகலமா புடிக்கிறான்." "இவனுக்குத் தோள் ஏறுது, இவன் தாண்ட மாட்டான்." ஒன்றிரண்டு முறை சரியாகவும் இருந்தது.

போட்டி ஒரு கட்டத்தில் முடிந்துவிட்டது. கிரீஸின் கரலிஸ் 6 மீட்டரோடு வெள்ளி, ஆஸ்திரேலியாவின் மார்ஷல் 5.95-ஓடு வெண்கலம். தங்கம் சுவீடனின் டுப்ளான்டிஸுக்கு. அவர் குச்சியை 6.30-க்கு ஏற்றச் சொன்னார். ஏற்கெனவே அவர் பெயரில் இருந்த 6.29-ஐவிட ஒரு சென்டிமீட்டர். இந்தப் போட்டியில் மூன்று முறை தொடர்ந்து தட்டிவிட்டால் வெளியே. யாரும் யாரையும் ஓடித் தோற்கடிப்பதில்லை. தங்கம் வாங்கியவர்கூட வழக்கமாகக் கடைசியில் மூன்று தடவை குச்சியைத் தட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.

"இவனோட அப்பாவும் கம்பு தாண்டுனவருதாம்ப்பா" என்றேன். "வீட்டுக்குப் பின்னாலேயே மெத்தை போட்டு, மூணு நாலு வயசுலேர்ந்து பழக்கியிருக்காரு. பிலிப்பைன்ஸ்ல ஒபியேனான்னு ஒருத்தன், ஆறு மீட்டர் தாண்டுனவன், அவனோட அப்பாவும் அப்படித்தான்."

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. முதல் முயற்சி தவறியது. இரண்டாவதும் தவறியது. டுப்ளான்டிஸ் போய் உட்கார்ந்துகொண்டார். மைதானமே அவருக்காகக் காத்திருந்தது. அம்மா அடுப்படியிலிருந்து "சாப்பாடு ஆறுது" என்றார். அப்பா எண்ணெய்ப் போத்தலின் மூடியைத் திருகிக்கொண்டே கேட்டார்:

"அன்னிக்கி நீ எத்தன அடி போன?"

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. பதினான்கு வருடமாக இரண்டு பேரும் வாயில் எடுக்காத விஷயம்.

"போகலப்பா. பாதியிலேயே மடிஞ்சிருச்சு."

"அது உள்கொழாடா. மெல்லிசு. அதப் போயி எடுத்துருக்க." கொஞ்சம் சிரித்தார். "வெளிக்கொழாய எடுத்துருந்தா தாங்கியிருக்கும்."

"தோளு..." என்று ஆரம்பித்தேன். எப்படி முடிப்பது என்று தெரியவில்லை.

"தோளுக்கென்ன?"

"அந்த ரெண்டு வாரம் குட்டக் கம்புல..."

"எந்த ரெண்டு வாரம்?" என்றார். நிஜமாகவே ஞாபகமில்லையா, எனக்காகச் சொன்னாரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏய், கெளம்பிட்டான் பாரு."

மூன்றாவது முயற்சி. ஓடி வந்தார், குத்தினார், கம்பு சுருண்டு நிமிர்ந்தது. மேலே உடம்பு குச்சியை உரசியது. குச்சி ஆடியது. அவர் மெத்தையை நோக்கி விழுந்துகொண்டிருக்கும்போதே குச்சி ஆடிக்கொண்டிருந்தது. விழவில்லை. 6.30. அவருடைய பதினான்காவது உலக சாதனை. அதற்கு மேல் அவர் ஏற்றச் சொல்லவில்லை. தோற்காமலே முடித்த ராத்திரி. நான் எழுந்து நின்று கத்திவிட்டேன். அம்மா என்னவோ என்று கரண்டியோடு ஓடி வந்தார். அப்பாவும் கையைத் தூக்கினார், இடது கையை.

மறுஒளிபரப்பில் அவர் குச்சியைத் தாண்டுகிற இடத்தை மட்டும் நான்கைந்து கோணங்களில், மெதுவாக, திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அப்பா பொறுமை இழந்துவிட்டார்.

"அது பாத்தாச்சு. தூக்கிட்டு ஓடுறத ஏன் காட்ட மாட்டேங்குறான்?"

சாப்பிட்ட பிறகு கைப்பேசியில் அந்தத் துண்டைத் தேடி எடுத்தேன். ஓடத் தொடங்கும் இடத்திலிருந்து போட்டேன். கம்பைக் குழியில் குத்தியதும் "நிறுத்து" என்றார். "திருப்பிப் போடு."

நான்கு முறை போட்டேன். நான்கு முறையும் டுப்ளான்டிஸ் தரையிலேயே இருந்தார்.